சிங்கப்பூர் – நியூயார்க்: 15,300 கிலோமீட்டருக்கு இத்தனை நேரமா?

ஈசூன்வாசி:
தங்கைக்குப் பிரசவம், நியூஜெர்சியில். டிசம்பரில் அப்பா அம்மாவை அனுப்புகிறோம். இரவு 11.45க்குப் புறப்பாடு, மறுநாள் விடியற்காலை 5.30க்கு நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையம். டிக்கெட்டைப் பார்த்த அப்பா, “ஆறு மணி நேரந்தானே, ஈப்போவுக்கு பஸ்ஸில் போவதைவிடச் சீக்கிரம்” என்கிறார். 18.45 மணி நேரம் (18 மணி 45 நிமிடம்) என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். எனக்கும் ஒரு சந்தேகம்: மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரத்தில் போய்விட வேண்டாமா? திரும்பும்போது வேறு பக்கமாக வரும் என்கிறார்களே, அது ஏன்?

பாதைக்காரர்:
விமானப் பாதை வகுக்கும் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். குளிர்காலத்தில் நியூயார்க் நமக்கு 13 மணி நேரம் பின்னால். அப்பாவிடம் அந்த 13ஐயும் கூட்டச் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிடும்.

தூரத்துக்கு கூகுள்கூட வேண்டாம். இரண்டு ஊரும் தீர்க்கரேகையில் ஏறக்குறைய நேர் எதிரெதிரே இருக்கின்றன. அதனால் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே போகிறது. இங்கிருந்து துருவத்துக்கு 88.65 பாகை (டிகிரி), அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.36. மொத்தம் 138. பாகைக்கு 111 கி.மீ. என்று பெருக்கிப் பாருங்கள், 15,300 வந்து நிற்கும்.

ஆனால் விமானம் தூரத்தைப் பார்ப்பதில்லை, காற்றைத்தான் பார்க்கும். சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகப் போய் அதன் முதுகில் ஏறிக்கொள்வார்கள். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. எந்த வழி என்பது அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவாகும். சுற்றிப் போவதால் தூரம் 16,000ஐத் தாண்டுவதுண்டு. ஓடுபாதைக்குப் போகும் நேரம், ஏற்றம், இறக்கம் எல்லாம் சேர்ந்ததுதான் உங்கள் 18.45.

சாளர சீட்:
சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்தில் எகானமி கிடையாது, பிசினஸும் பிரீமியம் எகானமியும் மட்டும்தான். மொத்தமே 161 இருக்கை. ஏர்பஸ் ஏ350 ரகத்தில் இதற்கென்றே அதிக எரிபொருள் பிடிக்கும்படி செய்தது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதே கம்பெனி ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் ஓட்டுகிறது. நேரம் கூடும், ஆனால் நடுவில் இறங்கிக் காலை நீட்டலாம்.

ஈசூன்வாசி:
நன்றி பாதைக்காரர் ஐயா. பெருக்கிக் காட்டியதும் அப்பா கப்சிப். அவருக்கு முழங்கால் வலி வேறு, நேரடி விமானம் தாங்குமா?

பாதைக்காரர்:
வழியோர சீட்டாகப் பதிந்துவிடுங்கள் தம்பி. அவ்வப்போது எழுந்து விமானத்தின் சமையலறைப் பக்கம் ஒரு நடை போய்வரட்டும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லுங்கள். சக்கர நாற்காலி இப்போதே கேட்டு வையுங்கள், ஜேஎஃப்கேயில் குடிநுழைவு வரிசை நீளம்.