மறு: டோப்பிங்குக்கு தமிழ்ல என்ன போடறது? (வெள்ளிக்குள்ள வேணும்)

எல்லாருக்கும் வணக்கம். சைக்கிள் பந்தய டோப்பிங் பத்தின ஆவணப்படம் ஒண்ணுக்கு சப்டைட்டில் எழுதிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். ரத்தத்துல சிவப்பணுவ கூட்டற ஈபிஓ ஊசி வர்ற வரைக்கும் ஊக்கமருந்துன்னே ஓட்டிட்டேன். அப்புறம் பாத்தா தன் ரத்தத்தையே எடுத்து வெச்சிருந்து பந்தயத்தப்போ திரும்ப ஏத்திக்கறாங்க, அது மருந்தா? 2016ல ஒரு பெல்ஜிய வீராங்கனைக்கு வெச்சிருந்த சைக்கிளோட சட்டத்துக்குள்ள மோட்டார் இருந்துச்சு, அதுக்கும் டோப்பிங்னுதான் சொல்றாங்க. மோட்டாருக்கு ஊக்கமருந்துன்னு போட்டா சிரிக்க மாட்டாங்களா?

———

ஊக்கமருந்தே தப்பும்மா. ஊக்கமுடைமைன்னு குறள்ல 60ஆவது அதிகாரமே இருக்கு, அந்த சொல்ல போய் ஊசிக்கு குடுத்துட்டோம். என் பரிந்துரை: கள்ளூக்கம். மருந்து, ரத்தம், மோட்டார் மூணுக்கும் பொருந்தும்.

———

> கள்ளூக்கம்

ஐயா, கள்ள + ஊக்கம் கள்ளவூக்கம்னுதானே ஆகும்? நீங்க சொல்றது கள் + ஊக்கம். கள்ளு குடிச்சு வந்த தெம்பு :-)

———

கள்ளாமையில இருக்கற கள் தம்பி அது, திருடறதுங்கற வினைப்பகுதி. கள்ளூக்கம் வினைத்தொகை. தனிக்குறிலுக்கு அப்புறம் வர்ற ஒற்று, உயிர் வந்தா இரட்டிக்கும், பள்ளிக்கூடத்துல படிச்சதுதானே. குடிக்கற கள்ளும் புத்திய களவாடறதாலதான் அந்த பேரு வந்திருக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம்.

———

டோப்ங்கற சொல்லே டச்சுல தொட்டுக்கற குழம்புலேர்ந்து வந்ததுதான். குழம்புன்னே வெச்சுடலாம், இந்த இழைக்கும் பொருத்தமா இருக்கும்.

நிஜமாவே ஒரு யோசனை: சிலிக்கன்ல துளியூண்டு பாஸ்பரஸ் சேக்கறதுக்கும் டோப்பிங்னுதான் பேரு, நாங்க வகுப்புல மாசூட்டல்னு சொல்றோம். உடம்புக்கும் அதையே எடுத்துக்கலாமே?

———

சார், சிலிக்கன்ல மாசு சேத்தாதான் அது உருப்படியா வேலை செய்யுது. உவமையே தலைகீழா போகுது.

———

எனக்கு இலக்கணம் தெரியாது, 25 வருஷமா பந்தயம் பாக்கறவன். 1998ல இத்தாலிய வீரர் பன்டானி இத்தாலி, பிரான்ஸ் ரெண்டு பெரிய பந்தயத்தையும் ஒரே வருஷத்துல ஜெயிச்சப்ப தூக்கி வெச்சு கொண்டாடினாங்க, அடுத்த வருஷம் இத்தாலி பந்தயம் முடிய ரெண்டே நாள் இருக்கறப்ப சிவப்பணு அளவு 50 சதவீதத்துக்கு மேலன்னு வெளிய அனுப்பிட்டாங்க, ஈபிஓவ கண்டுபிடிக்க அப்ப சோதனையே இல்ல, அதனால உடம்பு சரியில்லன்னு சொல்லி இறக்கி விடுவாங்க, அவர இன்னிக்கும் விட்டுக்குடுக்காத ஆளுங்க இருக்காங்க, நானும்தான். அமெரிக்க வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் மேல மட்டும் ஏன் கோவம் ஆறல? ஏன்னா அவர் பொய் சொன்னதோட நிக்கல, உண்மை சொன்னவங்களயும் துரத்தினார். 2012ல அவரோட 7 பிரான்ஸ் பந்தயப் பட்டத்தையும் பிடுங்கினாங்க, வேற யாருக்கும் குடுக்கல, குடுக்கறதுக்கு ஆளத் தேடினா அந்த லிஸ்ட்லயும் மாட்டினவங்கதான் நிறைய. 2011ல மலையேத்தத்துல ஒரு ரசிகன் டோப்பிங்க கிண்டல் பண்ணி டாக்டர் மாதிரி டிரஸ் போட்டுக்கிட்டு ஸ்பெயின் வீரர் கொண்டடோர் பக்கத்துலயே ஓடினான், அவர் குத்தே விட்டுட்டார். இப்பல்லாம் எவனாவது தனியா பிச்சுக்கிட்டு மேல போனா கை தட்டறதுக்கு முன்னாடி சந்தேகம் வருது, அவன் சுத்தமானவனா இருந்தா என்ன பாவம் பண்ணான்? படத்துல ரசிகன் கோவத்துல கத்தற இடத்துல கள்ளூக்கம்னு வந்தா அர்த்தம் தேடறதுக்குள்ள காட்சி போயிடும். பேப்பர் படிக்கற யாருக்கும் ஊக்கமருந்து புரியும்.

———

+1 ஊக்கமருந்து. புரியறதுதான் கலைச்சொல்.

———

அப்படி பாத்தா டோப்பிங்னே போட்டுடலாமே, அதுவும் புரியுது.

———

எல்லாருக்கும் நன்றி, நாளைக்கு வெள்ளி. ஊசி, மாத்திரைக்கு ஊக்கமருந்து, ரத்தத்துக்கு ரத்தமேற்றல், மோட்டாருக்கு மோட்டார் மோசடி. பொதுவா ஒரே சொல் கிடைக்கல, வர்ற இடத்தையெல்லாம் உடைச்சு எழுதிட்டேன். ஐயா மன்னிக்கணும்.

———

பரவாயில்லம்மா. ஆனா மோசடி தமிழ்ச்சொல்தானான்னு பாத்தீங்களா? தனி இழை தொடங்கறேன். கள்ளூக்கத்தையும் நான் விடறதா இல்ல.