பார்த்த படத்தையெல்லாம் எழுதி வைக்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

இடைவேளை_பப்ஸ்:

போன வாரம் நடந்த கூத்து. ராத்திரி பத்தரை மணிக்கு நானும் வீட்டம்மாவும் ஒரு மலையாள த்ரில்லர் போட்டு உக்காந்தோம், முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும், கிணத்துல இருந்து ஸ்கூட்டரை வெளிய எடுக்குற சீன் வருது, அவ திரும்பி "ஏங்க, இதை பொங்கல் லீவுக்கே பாத்துட்டோமே, அந்த மாமாதான் கொலைகாரன்"ங்குறா. எனக்கு அப்பவும் ஞாபகம் வரல. கடைசி வரைக்கும் பாத்தேன், மாமாதான் 😭

ஓடிடி வந்ததுல இருந்து இப்படித்தான் ஆகுது. முன்னாடி ஒரு படம்னா எந்த தியேட்டர், யார் கூட போனோம், முறுக்கு வாங்குனோமா பப்ஸ் வாங்குனோமான்னு வரைக்கும் நினைவிருக்கும், இப்ப எல்லாப் படமும் அதே சோபால அதே போர்வைக்குள்ள பாக்குறதால எது எதுன்னே தெரியல. அதனால எழுதி வைக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன். நோட்டா, ஆப்பா, எக்செல்லா? இதுக்கு முன்ன பாத்த படங்களை என்ன பண்றது, சின்ன வயசுல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பாத்ததையெல்லாம் தேதி போட்டு எழுத முடியுமா? அப்புறம் வெப் சீரிஸ், பாதியில தூங்கிப் போன படம், இதெல்லாம் கணக்குல வருமா?

ரெண்டாம்_ஆட்டம்:

படத்துக்கு மட்டும்னா லெட்டர்பாக்ஸ்டுங்குற ஆப்புக்குப் போங்க ப்ரோ, வேற யோசிக்கவே வேணாம். நியூசிலாந்துக்காரங்க 2011ல ஆரம்பிச்சது. ப்ரீயாவே எவ்ளோ படம் வேணா ஏத்தலாம், வருஷக் கடைசில எத்தனை மணி நேரம் பாத்தீங்க, எந்த டைரக்டர் படம் அதிகம்னு புள்ளிவிவரம் வேணும்னாதான் காசு. அரை ஸ்டார்ல இருந்து அஞ்சு ஸ்டார் வரைக்கும் போடலாம்.

பழைய படத்துக்கு நீங்க கேட்டதுக்கு அதுலயே வழி இருக்கு. கண்ணு மாதிரி ஒரு ஐகான் இருக்கும், அதைத் தட்டுனா "பாத்தாச்சு"ன்னு மட்டும் பதியும், தேதி கேக்காது. டைரில ஏத்துனாதான் தேதியோட போகும். நான் முதல் நாளே உக்காந்து நினைவுல இருக்குறதுக்கெல்லாம் கண்ணைத் தட்டிட்டேன், ரெண்டு ராத்திரில அறுநூத்து சொச்சம் வந்துச்சு. தேதி தெரியாததுக்கு பொய்த் தேதி மட்டும் போட்டுடாதீங்க, 2009 ஜனவரி 1ல நான் நாப்பது படம் பாத்ததா ஒரு காலத்துல என் கணக்கு சொல்லுச்சு.

ஒரே தலைவலி தேடுறதுதான். தமிழ்ப் படப் பேரை இங்கிலீஷ்ல ஒரு ஏ போட்டிருக்கானா ரெண்டு ஏ போட்டிருக்கானான்னு தெரியாம நாலு தடவை அடிக்கணும். படத் தகவல் எல்லாம் டிஎம்டிபிங்குற இன்னொரு படத் தகவல் சைட்ல இருந்து வருது, அங்க இல்லாத படத்தை நாமளே சேத்து விடலாம். வெப் சீரிஸ் பெருசா கிடையாது, ஒரே சீசன்ல முடியுற குறுந்தொடர் சிலது மட்டும் இருக்கும்.

சிஎஸ்வி_கவுண்டமணி:

ஏனுங்க, ஆப்பு எல்லாம் நல்லாத்தான் இருக்கும், மூடுற வரைக்கும். நான் ஆறு வருசம் ஒரு ஆப்புல ஏத்தி வச்சிருந்தேனுங்க, பேரு வேண்டாம், ஒருநா மெயில் வந்துச்சு, இன்னும் ஒரு மாசத்துல சேவைய நிறுத்துறோம்னு. அந்த மெயில் ஸ்பேம்ல கிடந்தது. நான் பாத்தப்ப சைட்டே இல்ல. ஆறு வருசம்ங்க.

அதுல இருந்து கூகுள் ஷீட்தான். ஆப்பே வேணும்னாலும் மாசம் ஒருக்கா டேட்டாவ இறக்கி வச்சுக்கங்க, லெட்டர்பாக்ஸ்டுல ப்ரீ கணக்குக்கே சிஎஸ்வியா (ஷீட்ல தொறக்குற ஃபைலுங்க) தருவாங்க, நம்ம ஷீட்ட அங்க ஏத்தவும் முடியும்.

ஷீட் போடுறவங்களுக்கு ரெண்டு விசயம், நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. தேதிய 2025-03-07ன்னு வருசத்துல இருந்து எழுதுங்க, இல்லாட்டி ஒரு கம்ப்யூட்டர்ல மார்ச் 7, இன்னொன்னுல ஜூலை 3ன்னு மாறி நிக்கும். ரெண்டாவது, ரிலீஸ் வருசம்னு ஒரு காலம் (column) கட்டாயம் வேணும். நம்மாளுங்க பழைய டைட்டில எடுத்து திரும்ப வெப்பாங்க பாருங்க, விக்ரம்னு எழுதுனா 1986ஆ 2022ஆ? பொல்லாதவன் 1980ல ஒன்னு, 2007ல ஒன்னு. அமரன் 1992, 2024. என்ற பழைய லிஸ்டுல வருசம் போடாம "பொல்லாதவன், சூப்பர்"னு ஒரு வரி இருக்குது, எந்தப் பொல்லாதவன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

நெட்பிளிக்ஸ் வச்சிருக்கவங்க அக்கவுண்ட்டுக்குள்ள போய் பாத்த ஹிஸ்டரிய மொத்தமா டவுன்லோடு பண்ணலாம், பேரும் தேதியும் மட்டும் இருக்கும். ஆனா அதை அப்படியே நம்பிராதீங்க, ஓட விட்டு உடனே மூடுனதும் வரும், சீரிஸ்னா ஒவ்வொரு எபிசோடும் ஒரு வரி. எங்கூட்ல பாப்பாவும் என்ற ப்ரொபைல்லயேதான் பாப்பா, டவுன்லோடு பண்ணிப் பாத்தா முக்காவாசி பன்னி கார்ட்டூன்.

தங்கம்_பெஞ்ச்டிக்கெட்:

என்னப்பா எல்லாரும் கம்ப்யூட்டர்லயே நிக்கிறீங்க. எங்க அப்பாகிட்ட ஒரு நோட்டு இருந்துச்சு, ரேஷன் கடை கணக்கு நோட்டு மாதிரி நீளமா இருக்கும், மதுரையில அவரு பாத்த படம் பூரா அதுல. ஸ்டாரு, மார்க்கு ஒன்னும் கிடையாது. படம் பேரு, தியேட்டரு, எந்த ஆட்டம், யாரு கூட, டிக்கெட்டுக்கு எவ்வளவு, அம்புட்டுத்தான். தங்கம் தியேட்டர் பேரு பக்கத்துக்குப் பக்கம் வரும், ஆசியாவுலயே பெருசுன்னு சொல்லுவாங்கள்ல, இப்ப இடிச்சே போச்சு. ஒரு வரில "கூட: ரா." அப்டினு இருக்கும். வரிசையா பதினோரு படத்துக்கு "ரா." வருது, அப்புறம் நின்னு போச்சு. எங்க அம்மா பேரு ரா-ல ஆரம்பிக்காது. அம்மாட்ட கேட்டேன், "அது அவரு பிரெண்டு ராமசாமியா இருக்கும்"னு சொல்லிட்டு அடுப்படிக்குள்ள போயிருச்சு 😄

அவரு எழுதுனதுல படம் நல்லா இருந்துச்சான்னு எங்கயுமே இல்ல, ஆனா அந்த நோட்டப் படிச்சா அந்த ஆளு முழுசா தெரியுறாரு. அதனால தம்பி, நீ எதுல எழுதுனாலும் சரி, யாரு கூட, எங்க உக்காந்துன்னு ஒரு வரி சேத்துக்க. படத்தப் பத்தி கூகுள்ல எப்பயும் கிடைக்கும், அது கிடைக்காது. டிக்கெட்ட ஒட்டி வைக்கிற ஆசை இருந்தா மால் தியேட்டர் டிக்கெட்ட நம்பாத, அது பில்லு பேப்பரு, ரெண்டு வருஷத்துல வெள்ளையாயிரும். போட்டோ எடுத்து வையி.

டீஸர்_போதும்:

நான் மாத்தி சொல்றேன், திட்டாதீங்க. மூணு வருஷம் ஏத்துனேன். ரெண்டாவது வருஷம் டிசம்பர்ல 187ல நின்னுச்சு, 200 ஆக்கணும்னு தொண்ணூறு நிமிஷத்துக்குள்ள முடியுற படமாத் தேடித் தேடிப் பாத்தேன், அதுல ஒன்னு கூட இன்னைக்கு ஞாபகம் இல்ல. படம் ஓடுறப்பவே மண்டைக்குள்ள "மூணா, மூணரையா"ன்னு ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருப்பான். அழ வேண்டிய சீன்ல விமர்சனத்துக்கு முதல் வரி யோசிச்சுட்டு இருந்தேன்னா பாத்துக்கோங்க. இப்ப பேரும் தேதியும் மட்டும்தான், ஸ்டார் நிறுத்திட்டேன், நிம்மதி.

மெகா_மருமகள்:

சீரிஸ் பத்தி யாரும் பெருசா சொல்லல. எபிசோடு எபிசோடா டிக் அடிக்கணும்னா ட்ராக்ட்னு ஒரு ஆப் இருக்கு, அடுத்து எந்த எபிசோடுன்னு அதுவே காட்டும், பாதில விட்டு ஆறு மாசம் கழிச்சு வர்றவங்களுக்கு உதவும். நான் நோட்டுலதான் எழுதுறேன், ஒரு சீசனுக்கு ஒரு வரி, ஆரம்பிச்ச தேதி, முடிச்ச தேதி. பாதில விட்டா எத்தனாவது எபிசோடு, ஏன்னு எழுதிடுவேன், "4, ஹீரோ பேசிட்டே இருக்கான்". விட்டதுல ஏழெட்டு ஒரே காரணத்துக்குன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, இப்பல்லாம் அந்த மாதிரி எடுக்கறதே இல்ல.

சன் டிவி சீரியலுக்கு மட்டும் எந்த ஆப்பும் தாங்காது சார். கோலங்கள் 2003ல தொடங்கி 2009 வரைக்கும் ஓடுச்சு, ஆயிரத்தி ஐநூறு எபிசோடுக்கு மேல. எங்க அத்தை ஒன்னு விடாம பாத்தாங்க, எந்த நோட்டும் இல்லாம இன்னைக்கும் யாருக்கு யாரு துரோகம் பண்ணாங்கன்னு வரிசையா சொல்லுவாங்க.

இடைவேளை_பப்ஸ்:

எல்லாருக்கும் நன்றி, தங்கம் அண்ணே உங்க அப்பா நோட்டு கதை தனியா ஒரு திரியே போடலாம், ராமசாமி யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க.

முடிவு இதான். ஷீட் போட்டுட்டேன், தேதி, பேரு, ரிலீஸ் வருஷம், எங்க, யார் கூட, ஒரு வரி. ஸ்டார் இல்ல. பழசுக்கு லெட்டர்பாக்ஸ்டுல கண்ணு மட்டும், நேத்து 212 வரைக்கும் தட்டுனேன். முதல் வரியா அந்த மலையாளப் படத்தையே போட்டேன், "ரெண்டாவது தடவை, மாமா"ன்னு. வீட்டம்மா பாத்துட்டு அவளுக்கும் ஷேர் பண்ணச் சொன்னா, இப்ப "யார் கூட"ங்குற கட்டத்துல அவ பேரு இல்லாத வரியையெல்லாம் மஞ்சள் கலர் அடிச்சு வச்சிருக்கா.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஆம்னி பஸ்ல போட்ட படத்தை திண்டுக்கல் பைபாஸ் வரைக்கும் பாத்தேன், நான் எறங்குனப்ப வில்லன் ஹீரோவோட தங்கச்சிய கடத்திட்டான். பாத்ததா எழுதவா, விட்டதா எழுதவா?