இந்திய விடுதலையில் முஸ்லிம் தலைவர்கள்: 12 தாளில் எப்படி அடுக்குவது?

மன்றச்செயலாளர்_மருதானை

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பாடசாலை வரலாற்று மன்றம் அடுத்த மாதம் ஒரு சுவர்க் கண்காட்சி வைக்கிறது. தலைப்பு: இந்தியச் சுதந்திரப் போராட்டத்தில் முஸ்லிம் அரசியல் தலைவர்கள். 12 ஏ3 தாள் ஒட்டத்தான் இடமிருக்கிறது. கையில் இருப்பது வட்ஸ்அப்பில் வந்த 40 பெயர்ப் பட்டியல். அதில் ஆசாத் இரண்டு தரம், "முகமது அலி" மூன்று தரம் வருகிறது. ஆண்டு ஒன்றுமே இல்லை.

யாரை எடுப்பது, யாரை விடுவது? ஜின்னாவைப் போடலாமா? (ஆசிரியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.) 10, 11ஆம் தரப் பிள்ளைகள்தான் பார்க்க வருவார்கள். அவர்களுக்குக் காட்டக் கொழும்புத் தொடர்பு ஏதும் உண்டா?

பழையஏடு

வஅலைக்கும் ஸலாம். 40 பேரையும் படம் படமாக ஒட்டினால் ஒருவரும் நின்று வாசிக்கமாட்டார்கள். ஆளை வைத்து அடுக்காதீர்கள், ஆண்டை வைத்து அடுக்குங்கள். பெயருக்குப் பக்கத்தில் ஆண்டு இல்லாவிட்டால் அந்தத் தாளை ஒட்டவே வேண்டாம். ஒரே மனிதர் 1916இல் நின்ற இடம் வேறு, 1940இல் நின்ற இடம் வேறு. ஆண்டை எடுத்துவிட்டால் எல்லோரைப் பற்றியும் பொய் சொன்னதாகிவிடும்.

முதலில் ஆள்மாறாட்டத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் "முகமது அலி" என்று தேடினால் குத்துச்சண்டை வீரர் வருவார், ஜின்னா வருவார், உங்களுக்கு வேண்டிய மௌலானா முஹம்மத் அலி ஜவ்ஹர் கடைசியில்தான் வருவார். "முகமது, முகம்மது, முஹம்மத்" மூன்று எழுத்திலும் தேடுங்கள். அபுல் கலாம் ஆசாத்துக்கு அப்துல் கலாமின் படத்தை ஒட்டிய பதாகைகள் தமிழில் ஏராளம். பத்ருதீன் தியாப்ஜி வேறு, 1930 உப்புச் சத்தியாக்கிரகத்தில் கைதான அப்பாஸ் தியாப்ஜி வேறு. அப்பாஸ் அவருடைய மருமகன். கான் அப்துல் கபார் கானும் டாக்டர் கான் சாகிபும் அண்ணன் தம்பி. வடமேற்கு எல்லை மாகாண முதல்வரானவர் அண்ணன் கான் சாகிப்.

அடுத்தது காங்கிரஸுக்குத் தலைமை வகித்த முஸ்லிம்கள். பட்டியல்கள் அதிகம் இடறுவது இங்கேதான். தியாப்ஜி (1887, சென்னை), ரஹ்மத்துல்லா சயானி (1896), நவாப் செய்யித் முஹம்மத் (1913, கராச்சி), ஹசன் இமாம் (1918, பம்பாய் சிறப்பு மாநாடு), ஹக்கீம் அஜ்மல் கான் (1921), ஆசாத் (1923), முஹம்மத் அலி (1923), டாக்டர் அன்சாரி (1927), மீண்டும் ஆசாத் (1940). எட்டுப் பேர், ஒன்பது தலைமை. 1923இல் இருவர் வருவது அச்சுப்பிழை அல்ல: செப்டம்பரில் டில்லியில் சிறப்பு மாநாடு, டிசம்பரில் காக்கிநாடாவில் வழமையான மாநாடு. 1921க்கு சில பட்டியல்கள் சி.ஆர். தாஸின் பெயரைப் போடும். தேர்வானவர் அவர்தான், சிறையில் இருந்ததால் அகமதாபாத்தில் தலைமை வகித்தவர் அஜ்மல் கான். ஆசாத் "35 வயதில் தலைவர்" என்றும் எழுதுவார்கள். 1888 நவம்பரில் பிறந்தவருக்கு 1923 செப்டம்பரில் 34தான்.

அதே அகமதாபாத் மாநாட்டுக்கு ஒரு முழுத் தாள் ஒதுக்குங்கள். பேரரசுக்கு வெளியே முழு விடுதலை வேண்டும் என்று ஹஸ்ரத் மொஹானி அங்கே தீர்மானம் கொண்டுவந்தார். காந்தி எதிர்த்தார், தீர்மானம் தோற்றது. காங்கிரஸ் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது 1929 டிசம்பரில், லாகூரில். எட்டு வருடம் முன்னால் நின்ற மனிதர். "இன்குலாப் ஸிந்தாபாத்" (புரட்சி வாழ்க) முழக்கமும் அவருடையதாகவே சொல்லப்படுகிறது.

கிலாஃபத்_வாசகி

மேலே சொன்னது சரி. ஆனால் பிள்ளைகள் கேட்கப்போகும் முதல் கேள்வி வேறு: துருக்கிக் கலீபாவுக்கும் (முஸ்லிம் உலகின் தலைவராகக் கருதப்பட்ட சுல்தான்) இந்திய விடுதலைக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு இரண்டு தாள் வேண்டும். முதல் உலகப் போரில் துருக்கி தோற்றது. கலீபாவின் நிலத்தைப் பிரிட்டனும் கூட்டாளிகளும் பங்கு போட்டார்கள். அந்தக் கோபத்தை அலி சகோதரர்கள் (முஹம்மத் அலியும் ஷௌகத் அலியும்) 1919 முதல் கிலாஃபத் இயக்கமாக்கினார்கள், காந்தி அதை ஒத்துழையாமையோடு சேர்த்தார். அவர்களுடைய தாயார் பீ அம்மா ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசினார். அவர் படத்தை ஓரத்தில் சின்னதாகப் போட்டுவிடாதீர்கள். 1922 பெப்ரவரியில் சௌரி சௌராவில் கூட்டம் பொலிஸ் நிலையத்தை எரித்த பிறகு காந்தி ஒத்துழையாமையை நிறுத்தினார். 1924 மார்ச்சில் துருக்கியே கலீபா பதவியை ஒழித்தது. எதற்காகத் திரண்டார்களோ அதுவே இல்லாமல் போனது. முஹம்மத் அலி பிறகு காங்கிரஸிலிருந்து விலகியதை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு திகதிகளும் வேண்டும்.

ஜின்னாவை விடக்கூடாது. 1916 லக்னோ ஒப்பந்தத்தில் காங்கிரஸையும் முஸ்லிம் லீக்கையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் அவர். 1920 நாக்பூர் மாநாட்டுக்குப் பிறகு காங்கிரஸை விட்டார். இரண்டையும் எழுதுங்கள்.

அதோடு 1940 மார்ச், ஏப்ரலை இரண்டு தாளில் பக்கம் பக்கமாக வையுங்கள். மார்ச் 19-20, ராம்கரில் காங்கிரஸ், தலைமை ஆசாத். மார்ச் 22-24, லாகூரில் லீக், தலைமை ஜின்னா. முஸ்லிம்களுக்குத் தனி நாடு கேட்ட தீர்மானத்தை அங்கே முன்மொழிந்தவர் வங்காள முதல்வர் ஃபஸ்லுல் ஹக். ஏப்ரல் கடைசியில் டில்லியில் ஆசாத் முஸ்லிம் மாநாடு, தலைமை சிந்துவின் அல்லாஹ் பக்ஷ் சூம்ரோ. பிரிவினை வேண்டாம் என்ற முஸ்லிம் அமைப்புகள் அங்கே கூடின. (இங்கே "ஆசாத்" என்றால் சுதந்திரமான என்று பொருள், அபுல் கலாமின் மாநாடு அல்ல. இதையும் பலர் குழப்புகிறார்கள்.) சூம்ரோ 1942இல் பிரித்தானியப் பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார், ஆளுநர் அவரைச் சிந்து முதல்வர் பதவியிலிருந்து நீக்கினார், 1943 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழில் இவரைப் பற்றி வாசிக்கக் கிடைப்பதே அரிது. பெரிய எழுத்தில் போடுங்கள்.

"முஸ்லிம்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லாமல் 1937 மாகாணத் தேர்தல் கணக்கைக் காட்டலாம்: முஸ்லிம்கள் மட்டும் வாக்களித்த 482 தனித்தொகுதிகளில் காங்கிரஸ் நின்றது 58இல், வென்றது 26. 1945-46இல் மத்திய சபையின் 30 முஸ்லிம் இடங்களும் லீக்குக்கு. கீழே கட்டாயம் ஒரு குறிப்பு: வாக்குரிமை சொத்து, வரி, படிப்புத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். நெசவாளரும் கூலியாளரும் பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியே.

மன்றச்செயலாளர்_மருதானை

ஜஸாகல்லாஹ் கைர், இருவருக்கும். 1940ஐப் பக்கம் பக்கமாக வைக்கும் யோசனையை ஆசிரியர்கள் இரண்டு கட்சியும் ஏற்றுக்கொண்டார்கள். கபார் கானின் பெஷாவருக்கு ஒரு தாள் போதுமா? கொழும்புத் தொடர்பு?

அச்சுக்கூடம்_புறக்கோட்டை

பெஷாவருக்கு ஒன்று போதும், ஒரு காட்சியைப் பிடித்தால். கபார் கானின் குதாயி கித்மத்கார் (இறைவனின் ஊழியர்கள்) இயக்கத் தொண்டர்கள் முதலில் வெள்ளை உடுத்தார்கள், அது சீக்கிரம் அழுக்கானது. உள்ளூர்த் தோல் பதனிடும் இடத்துச் சாயத்தில் தோய்த்துச் செங்கல் நிறமாக்கினார்கள். "செஞ்சட்டை" பெயர் அங்கிருந்து வந்தது; கம்யூனிசச் சிவப்பு அல்ல. 1930 ஏப்ரல் 23, கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் துப்பாக்கிச்சூடு. கூட்டத்தைச் சுட மறுத்தவர்கள் சந்திர சிங் கார்வாலியின் படைப்பிரிவினர், இந்துக்கள். இறந்தோர் தொகையைப் போடாதீர்கள். அரசு சொன்னதும் காங்கிரஸ் சொன்னதும் வெகுதூரம் விலகும்.

அடுக்கு இப்படி வரும்: வரைபடம் 1, 1887-1913 ஒன்று, லக்னோ 1, கிலாஃபத் 2, மொஹானி 1, அஜ்மல் கானும் அன்சாரியும் ஜாமியா மில்லியா பல்கலைக்கழகமும் 1, பெஷாவர் 1, 1937 தேர்தல் 1, 1940க்கு 2, 1942 ஒன்று. வரைபடம் 1947க்கு முந்தியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஊர்களைக் குறிக்கும் புள்ளிகள் மூன்று நாடுகளில் சிதறும். இலங்கையைப் பிரிட்டிஷ் இந்தியாவின் நிறத்தில் தீட்டாதீர்கள். நாங்கள் 1802 முதல் தனி முடிக்குரிய குடியேற்றம். தாளுக்கு 70 சொல்லுக்கு மேல் வேண்டாம், எழுத்தளவு 30 பொயின்டுக்குக் குறையவும் வேண்டாம். ஏ3 அளவில் அதற்கு மேல் தமிழ் நெருங்கிப்போகும், ஒற்றும் புள்ளியும் தூரத்தில் தெரியாது.

கொழும்புக்கு: நேரு வந்த 1939 ஜூலையில், இங்குள்ள இந்திய வம்சாவளியினரின் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அதன் முன்னணித் தலைவர்களில் ஒருவர் குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட முஸ்லிமான ஏ. அஸீஸ், பிறகு ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸைத் தொடங்கியவர். அவரை 1942 தாளின் கீழே வைக்கலாம். டி.பி. ஜாயாவை இதற்குள் இழுக்காதீர்கள். அவர் இலங்கைச் சுதந்திரத்தின் ஆள், அவருக்குத் தனிக் கண்காட்சியே தகும்.

பழைய பத்திரிகைப் பக்கம் வேண்டுமென்றால் கொழும்பு 7 தேசிய சுவடிகள் கூடத்தில், பாடசாலைக் கடிதத்தோடு, திகதியையும் எழுதிக்கொண்டு போங்கள். வீரகேசரி 1930 ஓகஸ்டில்தான் தொடங்கியது. பெஷாவர் அதில் இருக்காது, டெய்லி நியூஸைக் கேளுங்கள். 1942இல் ஆசாத் தலைமையில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது ஓகஸ்ட் 8 இரவு. அவர்கள் கைதானது 9ஆம் திகதி ஞாயிறு விடியற்காலை. அதனால் 10ஆம் திகதி திங்கள் இதழிலிருந்து புரட்டத் தொடங்குங்கள்.