பத்தாம் நாள் 20 அங்குலப் பனி என்று காட்டும் வரைபடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

எடிசன்வாசி (நியூ ஜெர்சி):
வணக்கம். இந்தக் குளிர்காலத்தில்தான் வானிலையைக் கணிக்கும் கணினி மாடல்களைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியிருக்கிறேன். அமெரிக்க மாடலான ஜி.எஃப்.எஸ். நேற்று இரவு, பத்தாம் நாள் மத்திய நியூ ஜெர்சியில் 20 அங்குலப் பனி விழும் என்று காட்டியது. இன்று காலை பார்த்தால் அந்தப் புயலே கடலோடு போய்விட்டது. போதாக்குறைக்கு, வட துருவத்தைச் சுற்றி மிக உயரத்தில் வீசும் காற்று வளையமான துருவச் சுழல் உடையப் போகிறது, கடுங்குளிர் வரப்போகிறது என்ற பேச்சும் அடிபடுகிறது. இவற்றில் எதை, எத்தனை நாள் முன்னதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்?

வடகாற்று:
பத்தாம் நாளுக்கான பனியளவு வரைபடத்தைத் திறக்காமல் இருப்பதே உத்தமம். ஜி.எஃப்.எஸ். நாளொன்றுக்கு நான்கு முறை, 16 நாள் வரை கணக்கிடுகிறது; அத்தனை ஓட்டங்களில் ஏதாவது ஒன்றில் பெரும்புயல் ஒன்று முளைக்கத்தான் செய்யும், அதுதான் எல்லோராலும் பகிரப்படும். புயலாக மாறவேண்டிய மேல்வளிமண்டலக் காற்றலை அப்போது வட பசிபிக்கின் மேலே, வானிலை பலூன்கள் மிகக் குறைவாக உள்ள பகுதியில் இருக்கும். அது அமெரிக்காவின் மேற்குக் கரையேறிய பிறகே மாடல்களுக்கு நல்ல தரவு கிடைக்கிறது.

அப்போதும் சறுக்கல் உண்டு. 2015 ஜனவரி 26, 27இல் நியூயார்க் நகரத்துக்கு 20 முதல் 30 அங்குலம் வரை எதிர்பார்த்துச் சுரங்க ரயிலையே நிறுத்தினார்கள். சென்ட்ரல் பார்க்கில் விழுந்தது 9.8 அங்குலம். ஆனால் கிழக்கே ஏறத்தாழ 50 மைல் தள்ளி, லாங் ஐலண்டின் ஐஸ்லிப்பில் 24.9 அங்குலம். புயல் வந்தது, அதன் மேற்கு விளிம்புதான் சற்று நகர்ந்துவிட்டது. ஐரோப்பிய மாடலே வேதம் என்பவர்கள் அந்த இரவை வசதியாக மறந்துவிடுவார்கள். நகரத்துக்குப் பெரும்பனி என்று கடைசிவரை பிடிவாதமாக நின்றது அதுதான்.

மாறாக, 2016 ஜனவரிப் புயலை மாடல்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே ஒத்த குரலில் காட்டின. சென்ட்ரல் பார்க்கில் 27.5 அங்குலம் பதிவானது. ஆகவே தனி ஓட்டத்தை விட்டுவிட்டு, தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி ஓட்டும் என்செம்பிளைப் பாருங்கள். ஐரோப்பிய மாடலின் ஐம்பது உறுப்புகளில் எத்தனை புயலைக் கரைக்கு அருகே கொண்டுவருகின்றன என்பதே உண்மையான வாய்ப்பு. சென்னையில் புயல் பாதைகளைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

முப்பதுகிலோமீட்டர்:
துருவச் சுழலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஏறத்தாழ 30 கி.மீ. உயரத்தில், 60 டிகிரி வட அட்சரேகையில் வீசும் மேற்குக் காற்று திசைமாறிக் கிழக்குக் காற்றானால் அதைப் பெரும் உடைவு என்கிறோம். பத்தாண்டுக்குச் சுமார் ஆறு முறை நடக்கிறது. அதன் தாக்கம் தரைக்கு இறங்க வாரக்கணக்கில் ஆகலாம், இறங்காமலும் போகலாம். எங்கே இறங்கும் என்பதையும் உடைவு சொல்லாது. 2018 பிப்ரவரி உடைவுக்குப் பின் நடுங்கியது ஐரோப்பா. 2021 ஜனவரி 5 உடைவுக்குப் பிறகு, பிப்ரவரி 16இல் டாலஸ்-ஃபோர்ட் வொர்த்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட் பதிவானது. 1949க்குப் பின் அங்கே அவ்வளவு குளிர்ந்ததில்லை. அதற்கும் அந்த உடைவே காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

குளிரை முன்கூட்டிச் சொல்வது பனியை விட எளிது, ஏனெனில் குளிர்க்காற்றுத் திரள் ஆயிரம் மைல் அகலத்துக்குப் பரவியிருக்கும். ஆனால் குளிர் அளவுக்கு மிஞ்சினால் புயல் தெற்கே தள்ளப்பட்டு, நமக்கு வறண்ட வானம்தான் மிஞ்சும்.

ஐ95ஓரம்:
ஒரு சிறு சேர்க்கை. பல பனியளவு வரைபடங்கள் ஓர் அங்குல நீருக்குப் பத்து அங்குலப் பனி என்று கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகின்றன. ஐஸ் மணிகளாக விழுவதையும் பனியாகவே எண்ணிவிடுகின்றன. ஐ-95 நெடுஞ்சாலையோரம் வாழும் நமக்கு இதுதான் தலைவலி. தரையில் உறைநிலைக்குக் கீழே இருந்தாலும், ஒன்றரை முதல் மூன்று கி.மீ. உயரத்துக்குள் வெப்பக்காற்று உறைநிலைக்கு மேல் ஒரு டிகிரி ஏறினால் போதும், பனி அங்கேயே உருகத் தொடங்கிவிடும்.

எடிசன்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் கடைசி மூன்று நாட்களில் எதைப் பார்ப்பது?

வடகாற்று:
எடிசன் இருக்கும் மிடில்செக்ஸ் மாவட்டம் தேசிய வானிலை சேவையின் மவுண்ட் ஹாலி அலுவலகத்தின் கீழ் வருகிறது. நியூயார்க் அலுவலகத்தின் கணிப்பைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எதிர்பார்க்கும் அளவோடு, பத்தில் ஒரு வாய்ப்புள்ள குறைந்த அளவையும் கூடிய அளவையும் அவர்கள் தனித்தனி வரைபடமாக வெளியிடுவார்கள். அவ்விரண்டுக்கும் இடையே 2 அங்குலத்துக்கும் 14 அங்குலத்துக்குமான இடைவெளி இருந்தால், புயலின் விளிம்பு உங்கள் தலைக்கு மேலேதான் நிற்கிறது.