கட்டிவிடலாமா, கோர்ட்டில் மறுக்கலாமா? கேரளப் பக்கத்து இ-சலான் பற்றி ஒரு வாதம்

பால்வண்டி:
பாலக்காடு மாவட்ட எல்லையில் கோவிந்தாபுரம் பக்கம் இருக்கிறேன். ஒரு பைக், ஒரு சின்ன லோடு வண்டி, இரண்டும் என் பேரில்தான். கேரளப் பக்கத்துக் கேமராவில் விழுந்ததாக இரண்டு இ-சலான், அதாவது அபராத நோட்டீஸ், வந்திருக்கிறது.

முதலாவது, ஹெல்மெட் இல்லை என்று 500 ரூபாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் போவது ஸ்கூட்டர், என்னுடையது கியர் பைக். நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருக்கிறது, கடைசி எண் 3-ஆ 8-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, லோடு வண்டி அதிவேகம் என்று 1500 ரூபாய். இடம் வாளையார் தாண்டி 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அது என் வண்டிதான், ஓட்டியதும் நான்தான்.

வீட்டில் இரண்டையும் கட்டித் தொலைக்கச் சொல்கிறார்கள். எனக்கு முதல் சலானைக் கட்ட மனசு வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நாலுசக்கரம்:
தம்பி, இரண்டையும் கட்டிவிடுங்கள். வேலந்தாவளம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிற எங்களுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் போவது 500 ரூபாய் அல்ல, அதைவிட மேலே. கோர்ட்டில் ஒரே வாய்தாவில் முடியும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். அதுவரை சலான் நிலுவை என்றே காட்டும். வண்டியை விற்க, பேர் மாற்ற, பெர்மிட் புதுப்பிக்கப் போனால் அங்கே வந்து குறுக்கே நிற்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஹெல்மெட்டுக்குக் கேரளத்தில் வாங்கும் 500 என்பது சமரசத் தொகை, அதாவது கோர்ட்டுக்குப் போகாமல் கட்டி முடிக்கிற தொகை. மத்திய மோட்டார் வாகனச் சட்டம் 194டி பிரிவில் போட்டிருப்பது 1000 ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து அந்த 1000-ஐத்தான் வாங்குகிறார்கள். கோர்ட்டுக்குப் போய்த் தோற்றால் மாஜிஸ்திரேட் 500-ல் நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை. அதிவேகமும் அப்படித்தான், இலகு வண்டிக்குச் சட்டத்தில் 1000 முதல் 2000 வரை. இத்தனையும் யோசித்துவிட்டு இறங்குங்கள்.

மீனாட்சிபுரத்தான்:
இப்படி எல்லோரும் கட்டிக் கட்டியே பழக்கிவிட்டோம். செய்யாத தப்புக்கு ஏன் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும்? நான் சொல்கிறேன், இரண்டையும் எதிர்த்து நில்லுங்கள்.

கோர்ட்வாசல்:
பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வக்கீல் தொழில் செய்கிறேன். நாலுசக்கரம் அண்ணன் சொன்ன தொகைக் கணக்கு சரி. ஆனால் அவர் கணக்கில் ஒரு பெரிய செலவு விடுபட்டிருக்கிறது.

2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த திருத்தத்துக்கு முன்பு, 200-ஆம் பிரிவில் சமரசத் தொகை கட்டினால் விஷயம் அத்தோடு முடிந்தது. இப்போது அந்தப் பிரிவிலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பணம் கட்டி முடித்தாலும், அடுத்த முறை அதே குற்றம் வரும்போது பழையது 'முன்பு செய்த குற்றம்' என்றே கணக்கில் வரும். லைசென்ஸ் மேல் எடுக்கும் நடவடிக்கையும் பணம் கட்டியதால் நின்றுவிடாது. 194டி பிரிவில் 1000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பும் சேர்ந்தே எழுதியிருக்கிறது. அதிவேகத்தில் இரண்டாம் முறை என்றால் லைசென்ஸைப் பிடித்துவைக்க வழி இருக்கிறது.

வண்டி ஓட்டிப் பிழைக்கிற ஒருவர், யாரோ ஸ்கூட்டரில் போனதற்கு 500 கட்டினால், அந்த ஸ்கூட்டர்காரரின் குற்றத்தைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொள்கிறார். பால்வண்டி, முதல் சலானைக் கட்டாதீர்கள்.

நாலுசக்கரம்:
அந்த வரி எனக்குத் தெரியும் வக்கீல் சார். ஆனால் எங்கள் ஊரில் ஹெல்மெட் சலான் கட்டியதற்காக மட்டும் லைசென்ஸ் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. காகிதத்தில் இருக்கும் ஆபத்துக்குப் பயந்து, கண்ணுக்கு முன்னால் இருக்கும் கூலியை விடச் சொல்கிறீர்கள்.

கோர்ட்வாசல்:
இன்றைக்கு எல்லா சலானும் ஒரே கணினியில் ஏறுகிறது அண்ணா. இந்தப் பக்கம் போட்டது அந்தப் பக்கம் தெரியாது என்ற காலம் போய்விட்டது. நாளைக்கு ஒரு அதிகாரி கிளிக் செய்தால் பழையது முழுக்க வரிசையாக வந்து நிற்கும்.

அப்புறம், எதிர்ப்பது என்றால் உடனே கோர்ட் படி ஏறுவது என்று அர்த்தமில்லை. முதல் படி அரசாங்கத்தின் பரிவாஹன் இ-சலான் தளத்திலேயே இருக்கும் புகார்ப் பகுதி. அதில் சேர்க்க வேண்டியவை சலான் எண், ஆர்.சி. எனும் வண்டிப் பதிவுச் சான்றின் நகல், பைக்கின் பக்கவாட்டுப் படம் ஒன்று. ஆர்.சி.யில் வண்டியின் ரகம், கம்பெனி, நிறம் எல்லாம் இருக்கிறது. படத்தில் ஸ்கூட்டர், புத்தகத்தில் மோட்டார் சைக்கிள். இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. சலான் போட்ட அலுவலகத்துக்கும் இதையே எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள்.

அதற்கு அசையவில்லை என்றால் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையத்திலேயே நடக்கும் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே அபராதம் கட்டுகிறேன், வழக்கை எதிர்க்கிறேன் என்று இரண்டே வழி. எதிர்க்கிறேன் என்று கொடுத்தால்தான் குற்றம் நடந்ததாகச் சொல்லும் இடத்துக்கு உட்பட்ட மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு மாறும். சம்மன் வந்தாலும், 208-ஆம் பிரிவின்படி வக்கீல் மூலம் ஆஜராகலாம் என்று சம்மனிலேயே குறிப்பிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. வந்த சம்மனை முழுக்கப் படியுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள், சம்மன் வந்த பிறகு பேசாமல் இருப்பது. 500 ரூபாய் வழக்கில் வாரண்ட் வாங்கியவர்கள் உண்டு.

எல்லைக்காரி:
ஒரு சின்ன எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் 'உங்கள் வண்டிக்கு சலான்' என்று ஒரு ஆப்பை இறக்கச் சொல்லி வந்தால் தொடவே தொடாதீர்கள், கணக்கில் இருக்கும் பணம் போய்விடும். அரசாங்கத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' (gov.in) என்று முடியும். அங்கே நீங்களே வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

மீனாட்சிபுரத்தான்:
வக்கீல் சார், இரண்டாவது சலானையும் விடாதீர்கள். 209-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? அதிவேகத்துக்கோ அபாயகரமாக ஓட்டியதற்கோ தண்டிக்க வேண்டும் என்றால், அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், இல்லை 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், இல்லை 28 நாளுக்குள் சம்மன் சேர்ந்திருக்க வேண்டும். அதோடு 183-ஆம் பிரிவில், ஒரே ஒரு சாட்சி 'வேகமாகப் போனான் என்று நினைக்கிறேன்' என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது, கருவி அளவு வேண்டும் என்று இருக்கிறது. கேமராவுக்கு ஆண்டுதோறும் அனுமதிச் சான்று புதுப்பிக்க வேண்டும், முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ விதி சொல்கிறது. இத்தனை ஓட்டைகளை வைத்துக்கொண்டு 1500 கட்டச் சொல்கிறீர்களா?

நாலுசக்கரம்:
ஓட்டை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கஞ்சிக்கோடு பக்கம் ராத்திரியில் லோடு ஏற்றிப் போயிருக்கிறீர்களா? கம்பெனி விட்டு சைக்கிளில் வருகிறவன், ரோட்டைக் கடக்கிற பெண்கள், திரும்புவதற்கு நிற்கும் லாரி, எல்லாம் ஒரே நேரத்தில் வரும். அங்கே வேகமாகப் போனது உண்மை என்றால் கட்ட வேண்டியதுதான். நோட்டீஸ் 15-ஆம் நாள் வந்தது என்பதால் அந்த வேகம் குறைந்துவிடுமா? என் மாமா பையன் அந்த மாதிரி ஒரு வண்டியில் அடிபட்டு இன்றைக்கும் கால் ஊன்ற முடியாமல் இருக்கிறான். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மீனாட்சிபுரத்தான்:
உங்கள் வேதனை புரிகிறது அண்ணா, அதை நான் லேசாக எடுக்கவில்லை. ஆனால் சட்டத்தில் நாள் குறித்து வைத்தது குற்றவாளியைக் காப்பாற்ற அல்ல. மாதம் கழித்து ஒரு படம் வந்தால் அன்றைக்கு யார் ஓட்டினார்கள், எங்கே இருந்தோம் என்று நிரபராதிகூட நிரூபிக்க முடியாது. அதனால்தான் அந்த 14 நாள். எதிர்த்துக் கேட்டால்தான் நோட்டீஸை நேரத்துக்கு அனுப்புவார்கள்.

கோர்ட்வாசல்:
நாள் கணக்குக்கான காரணத்தை மீனாட்சிபுரத்தான் சரியாகச் சொன்னார். ஆனால் அந்தப் பிரிவை வைத்து பால்வண்டி ஜெயிப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். பதிவுத் தபாலில் அனுப்பினாலே போதும், கைக்கு வந்து சேர வேண்டும் என்பதில்லை. ஆர்.சி.யில் பழைய முகவரி, பழைய செல்போன் நம்பர் இருந்தால் தவறு நம் பக்கம் திரும்பும். பேரும் முகவரியும் உரிய நேரத்தில் கண்டுபிடிக்க முடியாமல் போனது என்று கோர்ட்டுக்குத் திருப்தி ஏற்பட்டால் அந்தத் தடை பொருந்தாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது. கருவி அளவு இங்கே இருக்கிறது, கண் மதிப்பு அல்ல. சான்று புதுப்பித்ததா என்று கேட்க உரிமை உண்டு, கேட்கலாம். ஆனால் தானே ஓட்டியதாக இங்கேயே எழுதிவிட்ட ஒருவர், கூண்டில் ஏறி நான் இல்லை என்று சொல்வதற்கு நான் துணை நிற்க மாட்டேன்.

எல்லைக்காரி:
எங்களைப் போன்றவர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டம் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையில் பள்ளிக்கூடம் தமிழில் படித்தவர்களுக்கு, மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் கோர்ட்டில் பாதி புரியாது. ஒருவர் என்ன சொன்னார் என்றே தெரியாமல் 'ஆமா' என்று தலையாட்டி அபராதம் கட்டி வந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சாட்சி சொல்வது புரியவில்லை என்றால், புரிகிற மொழியில் சொல்லவைக்கக் கேட்கலாம். அது உரிமை, சலுகை இல்லை. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்களுக்குத் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், போய்க் கேட்க வேண்டும்.

நாலுசக்கரம்:
இது எனக்கும் உதவும். நன்றி அம்மா.

கோர்ட்வாசல்:
எல்லைக்காரி சொன்ன அந்தத் தலையாட்டல் மிக ஆபத்தான இடம் ஒன்று உண்டு. சின்ன மோதல் நடந்து, யாருக்காவது அடிபட்டு, அசட்டையாக ஓட்டியதாக வழக்குப் போட்டிருந்தால், சீக்கிரம் முடியட்டும் என்று குற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். அடிபட்டவர் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும்போது அந்த ஒப்புதலை உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை என்றால் மொத்தத் தொகையும் தலையில் விழும். ஹெல்மெட் சலானும் இதுவும் ஒன்றல்ல. இப்படிப்பட்ட வழக்கில் வக்கீலைப் பார்க்காமல் வாயே திறக்காதீர்கள்.

பால்வண்டி:
எல்லோருக்கும் நன்றி. அதிவேகத்துக்கு 1500 இப்போதே கட்டிவிட்டேன். நாலுசக்கரம் அண்ணா எழுதியதைப் படித்த பிறகு அதில் வாதாட எனக்கு விருப்பமில்லை. ஸ்கூட்டர் சலானுக்குப் புகார் போடப் போகிறேன். ஒரு சந்தேகம். அந்த நேரத்தில் என் பைக் பொள்ளாச்சியில் சர்வீஸுக்கு நின்றது, பில்லில் தேதியும் நேரமும் இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

மீனாட்சிபுரத்தான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! 1500 கட்டியது எனக்கு ஒப்புதல் இல்லை, அது உங்கள் முடிவு.

கோர்ட்வாசல்:
கண்டிப்பாகச் சேருங்கள். பில்லின் அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் வண்டி எண்ணும் கிலோமீட்டரும் எழுதியிருப்பார்கள், அதையும் வாங்குங்கள். சலான் படத்தை இன்றே இறக்கிச் சேமித்துவிடுங்கள். கடிதத்தில் ஆத்திரம் வேண்டாம்: சலான் எண், தேதி, நேரம், இடம், படத்தில் உள்ளது ஸ்கூட்டர், என் வண்டி இந்த ரகம், அந்த நேரத்தில் வேறு மாநிலத்தில் சர்வீஸில் இருந்தது, ஆகவே ரத்து செய்யவும். இவ்வளவு போதும், ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். உங்கள் எண்ணையே வேறு ஸ்கூட்டரில் மாட்டி ஓட்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் போலீஸ் ஸ்டேஷனிலும் ஒரு மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த சலான் வரும்போது அந்த ரசீது கையில் இருக்க வேண்டும்.

நாலுசக்கரம்:
சித்தூரில் மனு கொடுக்கப் போகும்போது சொல்லுங்கள் தம்பி. வெள்ளிக்கிழமை எனக்கும் அந்தப் பக்கம் லோடு இருக்கிறது, வண்டியில் வந்துவிடலாம்.