பிரசவ அறையில் ‘புஷ்’ என்றால்: எங்கள் குடும்பக் குழுவில்

கமலா: அமுதாவுடன் பிரசவ அறைக்குள் நான்தான் இருக்கப் போகிறேன். அங்கே எல்லாரும் ஆங்கிலம்தான் பேசுவார்களாம். வலி மிகுந்துவிட்டால் அவர்கள் சொல்வது தன் காதில் ஏறாது, நான்தான் தமிழில் சொல்ல வேண்டும் என்கிறாள். ‘புஷ்’ என்று அடிக்கடி சொல்வார்களாம். கதவில் எழுதியிருக்கும் ‘புஷ்’ மட்டும்தான் எனக்குத் தெரியும்.

பெரியப்பா: நல்ல கேள்வி, கமலா. அடித்தல், தள்ளுதல் என்று பொருள்படும் ‘புல்சாரே’ என்ற இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘புஷ்’ ஆயிற்று. நாடித்துடிப்பைக் குறிக்கும் ‘பல்ஸ்’ என்பதும் அதே வேரில் பிறந்ததுதான். கதவில் இருந்தால் தள்ளு, பொத்தானில் இருந்தால் அழுத்து, ஒருவரை ‘புஷ்’ செய்தால் வற்புறுத்துவது, ஒருவர் அறுபதை ‘புஷ்’ செய்கிறார் என்றால் அந்த வயதை நெருங்குகிறார் என்று, சொல் ஒன்றாகவே இருக்க, சேருமிடத்துக்கு ஏற்பப் பொருள் மாறிக்கொண்டே போகும்.

செந்தில்: பத்திரத்தில் கையெழுத்திடும் நாளை அண்ணன் மறுபடியும் தள்ளிவைத்தாரே, அதற்கும் இதே சொல்தானா?

பெரியப்பா: ஆம், நாளைத் தள்ளிவைப்பது ‘புஷ் பேக்’. எதிர்த்து நிற்பதற்கும் அதையே சொல்வார்கள். பத்திரத்தைப் பற்றி நாம் நேரில் பேசுவோம், தம்பி.

கதிர்: கேட்காமலே கைப்பேசிக்கு வந்து விழும் அறிவிப்பும் ‘புஷ்’தான், பெரியம்மா.

மீனா: அப்பா, சித்திக்கு இப்போது வேண்டியது ஒரே பொருள்தான். என்னை ஆங்கில இலக்கியத்தில் சேரச் சொல்லி நெருக்கினீர்களே, செவிலியர் படிப்பு படித்தது இதற்காவது உதவட்டும். சித்தி, பிரசவ அறையில் ‘புஷ்’ என்றால் ‘முக்கு’ என்று பொருள். ‘தள்ளு’ என்றால் எதை, எங்கே தள்ளுவது என்று அவள் குழம்பிவிடுவாள். கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் அளவுக்கு முழுவதும் திறந்த பிறகுதான் பொதுவாக முக்கச் சொல்வார்கள். அதற்கு முன்பே முக்கினால் உடல் வீணாகக் களைத்துவிடும். வலி ஏறும்போது, மலம் கழிக்க முக்குவதைப்போல விசையைக் கீழ்நோக்கிச் செலுத்த வேண்டும். வலி இறங்கியதும் உடலைத் தளர்த்தி ஓய்வெடுக்க வேண்டும்.

அமுதா: அவர்கள் திடீரென்று நிறுத்தச் சொன்னால் என்ன செய்வது, அக்கா?

மீனா: அதைத்தான் சொல்ல வந்தேன். ‘புஷ்’ என்பதற்கு முன்னால் ‘டோன்ட்’ வருகிறதா என்று சித்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். தலை வெளிவரும் தருணத்தில் அப்படிச் சொல்வார்கள். தலை மெதுவாக வந்தால் சதை கிழிவது குறையும். அப்போது, ‘முக்காதே, வாயைத் திறந்து சிறுசிறு மூச்சாக ஊது’ என்று சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: மருந்தைக் காட்டி ‘புஷ்’ என்று அவர்களுக்குள் பேசிக்கொண்டால், ஊசிக்குழலால் இரத்தக் குழாயில் நேரடியாகச் செலுத்து என்று பொருள். அது அமுதாவுக்கான சொல் அன்று, அதைக் கேட்டு நீங்கள் அவளை முக்கச் சொல்லிவிடக் கூடாது.

கமலா: அப்படியானால் அவர்கள் யார் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் நான் கவனிக்க வேண்டும்.

செந்தில்: அண்ணி தனியாக எப்படிச் சமாளிப்பார்? மீனாவே உள்ளே போகலாமே.

மீனா: அந்த வாரம் எனக்கு இரவுப் பணி, சித்தப்பா. மாற்றித் தருகிறார்களா என்று கேட்டிருக்கிறேன்.

பெரியப்பா: ‘பேர் டவுன்’ என்றும் சொல்வார்கள் அல்லவா, மீனா?

மீனா: ஆமாம் அப்பா, சொல்வார்கள், அதுவும் ‘முக்கு’தான். சித்தி, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கமலா: எழுதிக்கொண்டேன். மீனாவால் வர முடியாவிட்டால் கைப்பேசியிலாவது அவள் உடன் இருக்கலாமா? உள்ளே அனுமதிப்பார்களா?

அமுதா: நாளை பரிசோதனைக்குப் போகும்போது கேட்டுச் சொல்கிறேன், அம்மா.