மறு: பிளை ரேட்டிங் – அடுக்கெண்ணா, அடுக்குநிகரா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். டயரின் வலிமையை ‘10 பிளை’ என்பதுபோல் சொல்லும் ‘பிளை ரேட்டிங்’குக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். பிளை என்றால் டயருக்குள் இருக்கும் அடுக்கு. நண்பர் ஒருவர் எழுதியது இது:

> பிளை ரேட்டிங்கை ‘அடுக்கெண்’ என்றே வைத்துவிடலாமே. குதிரைத்திறனில் குதிரை எங்கே இருக்கிறது?

குதிரைத்திறன் என்ற சொல்லால் யாரும் ஏமாறுவதில்லை. எஞ்சினுக்குள் குதிரை கிடையாது என்பது குழந்தைக்கும் தெரியும். டயருக்குள் அடுக்கு உண்மையிலேயே இருக்கிறதே, சிக்கல் அதுதான். பிக்கப்புக்கோ எஸ்யூவிக்கோ டயர் மாற்றப் போகிறவர், ‘10 பிளை’ என்று கேட்டு வாங்கினால் உள்ளே பத்து அடுக்கு இருப்பதாகவே நம்புகிறார். பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் அது சரி. அப்புறம் நைலான், பாலியெஸ்டர், எஃகுக் கம்பி எல்லாம் வந்து, குறைந்த அடுக்கிலேயே அதே வலிமை கிடைத்தது. எண் மட்டும் பருத்திக் கணக்கிலேயே நின்றுவிட்டது. இன்றைய 10 பிளை ரேடியல் டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பக்கச்சுவரில் பாலியெஸ்டர் 2. ஓடுபரப்பின் (சாலையைத் தொடும் பகுதி) அடியில் பாலியெஸ்டர் 2, எஃகு 2, நைலான் 1 என்கிற மாதிரிதான் இருக்கும். எப்படி எண்ணினாலும் பத்து வராது.

அதனால் ‘அடுக்குநிகர்’ என்று முன்மொழிகிறேன். ‘10 அடுக்குநிகர்’ என்றால் பத்துப் பருத்தி அடுக்குக்கு நிகரான வலிமை. ‘நிகர லாபம்’ நினைவுக்கு வந்து குழப்பாதா என்றால், அங்கே அது முன்னால் வரும் அடைமொழி. ‘அவருக்கு நிகர் யார்’ என்று நாம் பேசும் நிகர்தான் இது.

ஒரு டயர் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைக் குறிக்கும் லோடு இண்டெக்ஸுக்கு ‘சுமைக் குறியெண்’ போதும். ‘சுமையளவு’ மட்டும் வேண்டாம். 111 என்ற எண் கிலோ அல்ல, அட்டவணையில் பார்த்தால் 1,090 கிலோ.

இரண்டையும் தனித்தனியாகப் பெயரிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 245/75 ஆர்16 அளவில் இரண்டு வகை டயர் கிடைக்கிறது. கார் வகையின் சுமைக் குறியெண் பொதுவாக 111. அதே அளவில் எல்.டி. (லைட் டிரக், அதாவது சிறு சரக்கு வண்டி) வகை, 10 அடுக்குநிகர், சுமைக் குறியெண் 120/116. அதாவது ஒற்றைச் சக்கரமாக 1,400 கிலோ, ஒரே பக்கத்தில் இரட்டைச் சக்கரமாக மாட்டினால் டயருக்கு 1,250 கிலோ. ஆனால் அந்தச் சுமையைத் தாங்க 80 பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று வேண்டும். கதவோர ஸ்டிக்கரில் போட்டிருக்கும் 35 பி.எஸ்.ஐ. காற்றை மட்டும் அடித்துவிட்டு ‘பத்துப் பிளை, எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்’ என்று பாரம் ஏற்றினால் டயர் சூடேறிப் பிளந்துவிடும். ஆளின் உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது. ‘அடுக்கெண்’ என்று எழுதினால் அந்தத் தவறான நம்பிக்கைக்கு நாமே தமிழில் முத்திரை குத்தியதாகிவிடும்.

தினமும் சுமை ஏற்றும் பிக்கப்புக்கு எல்.டி. வகை சரியான தேர்வு. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போகும் எஸ்யூவிக்கு, வண்டியோடு வந்த வகையே போதும் என்பது என் கருத்து. கடினமான டயரைப் போட்டால் குலுக்கலும் எடையும்தான் கூடும். எதை வாங்கினாலும் சுமைக் குறியெண் பழையதைவிடக் குறையக் கூடாது.

 

‘அடுக்குநிகர்’ சேர்த்து எழுதுவதா, பிரித்தா? சேர்த்து எழுதவே விரும்புகிறேன். பிரித்தால் ‘10 அடுக்கு’ என்பதோடு கண் நின்றுவிடும். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். அதன்பின் சொற்பட்டியலில் ஏற்றுகிறேன்.

அன்புடன்.